வெங்கட்ராகவன் வெட்டிய படம்

வடக்குச் சித்திரை வீதியில் பெருமாளுக்குப் பக்கத்தில் யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்பதைப் பதினான்கு வருஷமாக வெங்கட்ராகவன்தான் முடிவு செய்துகொண்டிருந்தார். கோயிலில் அவருக்கு ஒரு மரியாதையும் கிடையாது. தீர்த்தத்துக்குக் கை நீட்டி வரிசையில் நிற்கிற ஆள்தான். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ரிடையர் ஆனவர். அங்கேயும் அவர் சொல்லி ஒரு ஃபேன்கூட வேகமாகச் சுற்றியதில்லை. ஆனால் கழுத்தில் ஒரு கேமரா தொங்கியது. லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கறுப்பு டி.எஸ்.எல்.ஆர், ஒரு கிலோவுக்கு மேல் கனம். அந்தக் கனம் அவரைக் கொஞ்சம் குனிய வைத்தது. மற்றவர்களை அதைவிடக் குனிய வைத்தது.

வீதியில் பெருமாள் புறப்பாடு முடிந்து அரைமணிக்குள் அவர் படம் வீதியின் வாட்ஸப் குழுவுக்குப் போய்விடும். டல்லாஸிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகள் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். உற்சவரான நம்பெருமாளை ஒரு தடவை. பக்கத்தில் அப்பா நிற்கிறாரா என்று மூன்று தடவை. வீதிக் கைங்கர்ய சபை வருஷா வருஷம் போடும் காலண்டரிலும் அவர் எடுத்த கருட சேவைப் படம்தான். நானூறு வீட்டுப் பூஜை அறையில் அது தொங்கியது. கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் 'படம்: வெங்கட்ராகவன்'. மாமிகள் பெருமாளுக்குச் சந்தனம் வைக்கும்போது ஒரு சொட்டு அந்தப் பெயர்மேலும் விழும். அவர் அதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ளவில்லை.

பெருமாள் யாரையும் ஒதுக்குவதில்லை என்பது சம்பிரதாயம். வெங்கட்ராகவன் ஒதுக்கினார். தன் ஸ்கூட்டரை நகர்த்தச் சொன்னவர், பேத்தி கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்தவர், குழுவில் படத்துக்குக் கைகூப்பாதவர் எல்லாரும் அவர் படங்களின் ஓரத்தில் வெட்டுப்பட்டார்கள். மடிக்கணினியில் மவுஸை இழுப்பார், ஒரு குடும்பம் காணாமல் போகும். வெட்டியதைப் பழைய படத்தின் மேலேயே சேமிப்பார். வெட்டுப்பட்டவர் மிச்சம் மீதியாக எங்கேயும் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது அவர் தொழில்முறை.

நான்கு வீடு தள்ளி இருந்த வத்ஸலா கணக்கு டீச்சர். ஐம்பத்து நாலு வயது. ஒரு பங்குனியில் வெங்கட்ராகவன் அனுப்பிய புறப்பாட்டுப் படத்தின்மேல் சிவப்பில் ஒரு கோடு போட்டு, "மாமா, ரெண்டு டிகிரி சாஞ்சிருக்கு" என்று குழுவிலேயே திருப்பி அனுப்பிவிட்டாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கோணம் தப்பாக இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது, அவ்வளவுதான். ஆனால் முப்பத்தேழு பேர் அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். வெங்கட்ராகவன் முப்பத்தேழையும் எண்ணினார்.

அடுத்த மாதம் சித்திரை உற்சவத்துக் கருட சேவை. வத்ஸலாவின் அம்மாவுக்கு எண்பத்தாறு வயது. சக்கர நாற்காலியில் உட்கார்த்தி வாசலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கருடன் வந்து நின்ற நேரம் அந்த அம்மாள் யார் பிடியுமில்லாமல் எழுந்து நின்றாள். மூன்று வருஷமாக நிற்காத கால்கள். கைகூப்பி ஒரு நிமிஷம் நின்றாள். பெருமாளும் அவளும் ஒரே சட்டத்துக்குள் இருந்தார்கள். வெங்கட்ராகவனின் கேமரா அந்த நிமிஷத்தில் ஒன்பது தடவை சொடுக்கியது. வத்ஸலா அந்த ஒன்பதையும் காதால் கேட்டாள்.

குழுவுக்கு வந்த படத்தில் அம்மா இல்லை.

"மாமா, அம்மா நிக்கறாப்பல ஒண்ணு எடுத்தேளே, அதை எனக்கு மட்டும் அனுப்பறேளா?" என்று வீட்டுக்கே வந்து கேட்டாள்.

"அதுவா," என்றார் வெங்கட்ராகவன், சொம்பை நிமிர்த்தி வைத்துக்கொண்டே. "ரெண்டு டிகிரி சாஞ்சுடுத்து. அழிச்சுட்டேன்."

அவர் மனைவி கோதா உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தவள், கையை நிறுத்தினாள். பிறகு மறுபடி களைந்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் சொல்லி நடந்த காரியம் ஒன்றும் அவள் ஞாபகத்தில் இல்லை.

ஆடி மாதம் வத்ஸலாவின் அம்மா போய்ச் சேர்ந்தாள். பன்னிரண்டாம் நாளுக்குப் படம் வேண்டுமென்று, ரேஷன் கார்டிலிருந்த முகத்தைப் பெரிதாக்கி மாட்டினார்கள். அதில் அவள் போலீஸில் பிடிபட்டவள் போல இருந்தாள்.

ஐப்பசியில் வத்ஸலா ஒரு கேமரா வாங்கினாள். டி.எஸ்.எல்.ஆர் மாதிரி தடியாகத்தான் இருந்தது, ஆனால் லென்ஸைக் கழற்ற முடியாது. பட்டனை அமுக்கினால் அந்த ஒரே லென்ஸ் ஆமைக் கழுத்து மாதிரி நீண்டுகொண்டே போகும். நிலாவில் இருக்கிற குழியை எண்ணலாம் என்று கடைக்காரன் சொன்னானாம். அவள் முதலில் அனுப்பியது வெள்ளைக் கோபுரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு கிளியை. கிளியின் மூக்கில் நெல். நெல்லின் நுனியில் முள். கொள்ளிடக்கரையிலிருந்து எடுத்தேன் என்று கீழே எழுதியிருந்தாள். குழு தூங்கவில்லை. அடுத்து வந்த புறப்பாட்டில் நம்பெருமாள் மார்புப் பதக்கத்தில் எத்தனை பச்சைக்கல் என்று எண்ணி, டல்லாஸுக்கும் சிங்கப்பூருக்கும் இடையில் விவாதம் நடந்தது. அதே புறப்பாட்டுக்கு வெங்கட்ராகவன் அனுப்பிய படத்துக்குக் கீழே பெங்களூரிலிருந்து ஒரு மாட்டுப்பெண் எழுதினாள்: "மாமா, இதுல பெருமாள் எங்கே எழுந்தருளியிருக்கார்?"

மறுநாள் காலையில் அவர் பஸ் பிடித்து மெயின்கார்டு கேட்டுக்குப் போனார். அங்கே ஜமீலுக்கு கேமரா ரிப்பேர் கடை. நாலடிக்கு ஆறடி.

"ஷட்டரு ஒண்ணே முக்கால் லட்சம் தடவை அடிச்சிருக்கு சார்," என்றார் ஜமீல், அவர் கேமராவைப் பஞ்சால் துடைத்தபடி. "கம்பெனிக்காரன் சொன்ன ஆயுசு ஒரு லட்சம். மிச்சம் உங்க பெருமாள் குடுத்தது."

"அது கிடக்கட்டும் பாய். இதுவும் அந்த நீளமூக்குக் கேமராவும் வெச்சா எது ஒசத்தி?"

"தூரத்துல அது. இருட்டுல இது. படம் விழுற சில்லு இருக்கே, உங்களதுல தபால்தலை சைசு. அதுல உளுத்தம்பருப்பு சைசு. வெளிச்சம் கொறைஞ்சா அந்தப் பருப்பு திணறும். ரவை கொட்டுன மாதிரி ஆயிடும் படம்."

"இன்னொரு தரம் சொல்லுங்கோ."

"ரவை கொட்டுன மாதிரி."

வெங்கட்ராகவனுக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு வயிற்றில் பசி தெரிந்தது.

"பெரிசா பிரிண்ட் போட்டா உங்களது நிக்கும் சார். நகக்கண்ணுகூடத் தெரியும். ஆனா இப்ப யாரு பிரிண்ட் போடுறா, எல்லாம் உள்ளங்கையில பாக்குறாங்க."

"நாங்க காலண்டர் போடறோம் பாய்."

"அப்ப சரி. ஒண்ணு மட்டும் சார், அந்தக் கேமராவுல பின்னாடி இருக்குற திரை வெளியில மடங்கித் திரும்பும். அந்த டீச்சரம்மாகூட இங்க வந்து..."

"அதெல்லாம் மூஞ்சியைத் தானே படம் பிடிச்சுக்கற பசங்களுக்கு," என்றார் வெங்கட்ராகவன், எழுந்துகொண்டே.

சொன்னால் கேட்காதவருக்கு இரண்டாம் முறை சொல்வதில்லை என்பது ஜமீல் கடை வழக்கம். பஞ்சை டப்பாவில் போட்டு மூடினார்.

வீட்டுக்கு வந்து வத்ஸலாவின் புறப்பாட்டுப் படத்தைத் துருவ ஆரம்பித்தபோதுதான் வெங்கட்ராகவனுக்கு அது கண்ணில் பட்டது. பெருமாளின் கிரீடத்து உச்சி தெரிந்தது. தோள்மாலையின் மேல்பக்கம் தெரிந்தது. கீழே நின்று எடுத்தால் இது தெரியாது. அவருக்குத் தெரிந்த கேமராவில், கண் எங்கே இருக்கிறதோ அங்கேதான் கேமரா இருக்கும். அப்படியானால் வத்ஸலாவின் கண் பெருமாளுக்கு மேலே இருந்திருக்கிறது. அப்படியானால் மாடி.

வீதியில் பெருமாள் எழுந்தருளும்போது மாடியில் துணி உலர்த்துகிறவளும் கொடியை விட்டுவிட்டு இறங்கி வருவாள். பெருமாளைக் கீழே வைத்துத் தான் மேலே நிற்பது அபசாரம். எழுதி ஒட்டிய சட்டமில்லை. எழுதாததால் இன்னும் கெட்டி. வெங்கட்ராகவன் குழுவில் எழுதினார்: 'சிலர் மாடியில் நின்று பெருமாளைக் குனிந்து பார்க்கிறார்கள். பெயர் சொல்ல விருப்பமில்லை. கொள்ளிடக்கரைக் கிளிகளோடு நிறுத்திக்கொள்வது அவர்களுக்கு நல்லது.'

வத்ஸலா பதில் எழுதவில்லை. கூப்பிய இரண்டு கைகளை மட்டும் போட்டாள். அவர் ஜெயித்ததாக எடுத்துக்கொண்டார்.

சபைக் காரியதரிசி ராஜகோபாலன் காபி குடித்தபின் எதை நீட்டினாலும் கையெழுத்துப் போடுவார். வெங்கட்ராகவன் இரண்டாவது டம்ளருக்குப் பிறகு ஒரு தீர்மானத்தை நீட்டினார். காலண்டருக்கு யார் வேண்டுமானாலும் படம் தரலாம். ஆனால் கருட சேவையன்று மாடியில் நின்று எடுத்தவர் படம் ஏற்கப்படாது. அவர் பெயர் கைங்கர்யக்காரர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். நீக்கப்பட்டதைக் குழுவிலும் அறிவிக்க வேண்டும். கடைசி வரி அவர் சொந்தமாகச் சேர்த்தது. அதைத் தட்டச்சு செய்யும்போது உதட்டோரம் கொஞ்சம் ஈரமாயிற்று.

மறுவருஷச் சித்திரைக் கருட சேவையன்று அவர் வழக்கமான இடத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கே போய் நின்றார். ஆறரைக்கு மேளச்சத்தம் கேட்டது. கேட்டதும் அவருக்கு முன்னால் இருந்த ஜனம் முழுக்கக் கையைத் தூக்கியது. ஒவ்வொரு கையிலும் ஒரு கைபேசி. ஐந்தடி நாலு அங்குல மனிதர் கண்ணைக் கேமராவின் துவாரத்தில் வைத்துப் பார்த்தால் தெரிந்ததெல்லாம் அக்குள். எம்பினார். ஒரு பனியன். இடப்பக்கம் நகர்ந்தார். ஒரு குழந்தையின் கால். இருட்டும் இல்லை: வாகனத்தோடு வந்த ஃபோகஸ் விளக்கு வீதியைப் பட்டப்பகலாக்கியிருந்தது. இருட்டு தன் பக்கம் என்று அவர் நம்பியிருந்தார். அந்தக் கடைசி நட்பும் போயிற்று.

மூலையில் ஒரு வீடு பாதி கட்டிய நிலையில் நின்றது. கைப்பிடி இல்லாத படிக்கட்டு. ஆளில்லை. வெங்கட்ராகவன் ஆபீஸில் கிளெய்ம் பாஸ் பண்ணுவது போல யோசித்தார். வாகனம் தாங்குகிறவர்கள் தோள் உயரம் நாலே முக்கால் அடி. அதன்மேல் கருடன். அதன்மேல் பெருமாள். முதல் மாடிச் சிமெண்டுத் தளம் பன்னிரண்டடி இருக்கும். ஏறக்குறைய சமம். ஏறக்குறைய சமம் என்றால் மேலே என்று அர்த்தமில்லை. பாஸ் பண்ணிவிட்டு ஏறினார்.

மேற்கிலிருந்து பெருமாள் அவரை நோக்கியே எழுந்தருளினார். பதினான்கு வருஷத்தில் கிடைக்காத சேவை. விளக்கு நேராகத் திருமுகத்தில். அந்தப் பழைய கேமரா தன் கிழ உயிரையெல்லாம் கொடுத்துப் பதினொரு தடவை சொடுக்கியது. எடுத்தாயிற்று. இறங்கியிருக்கலாம். வாகனம் அவருக்கு நேர் கீழே வந்து, மூலையில் திரும்பி, அடுத்த வீதிப் பக்கம் முகம் காட்டியது. கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கெட்டவர்களை எப்போதும் கெடுப்பது 'இன்னும் ஒண்ணு'. அவர் விளிம்புக்கு வந்து, குனிந்து, கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு நின்றார்.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு ராஜகோபாலன் வீட்டுக் கூடத்தில் டிவியில் படங்களைப் போட்டுப் பார்த்தார்கள். சபைக்காரர்கள் ஐந்து பேர், கோதா, வத்ஸலா, இரண்டு மாமிகள். வெங்கட்ராகவனின் படம் முதலில்.

"ஓய், கண்ணுல ஜலம் வரதுங்காணும்," என்றார் ராஜகோபாலன். "இதுக்கு மேல என்ன இருக்கு?"

"பிரிண்ட் போட்டா இன்னும் நிக்கும்," என்றார் வெங்கட்ராகவன் அடக்கமாக. அவருடைய அடக்கம் எப்போதும் இரண்டு ஊர் தள்ளிக் கேட்கும்.

அடுத்தது வத்ஸலாவின் படம். அடுத்த வீதிக் கோடியிலிருந்து எடுத்திருந்தாள். பெருமாள் அப்போதுதான் மூலை திரும்பியிருந்தார். ஜமீல் சொன்ன ரவை ஓரங்களில் இருக்கத்தான் இருந்தது. ஆனால் யாரும் ஓரத்தைப் பார்க்கவில்லை. நீளமூக்குக் கேமராவுக்கு ஒரு குணம்: தூரத்திலிருப்பதையெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். நம்பெருமாளின் திருமுடிக்கு மேலே, கையெட்டும் தொலைவில் நிற்பது போல, வேஷ்டியை மடித்துக் கட்டிய ஓர் ஆள் கேமராவோடு குனிந்துகொண்டிருந்தார். கேமரா முகத்தை மறைத்தது. வழுக்கையை மறைக்கவில்லை.

"ஓய்," என்றார் ராஜகோபாலன் மெதுவாக. "அது நீர் இல்லையோ?"

ஒரு மாமி எழுந்து டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "அவரேதான். பூணூல்ல சாவி தொங்கறது."

வெங்கட்ராகவன் எழுந்தார். "அப்போ இது மட்டும் என்ன? இதுவும் மேலேர்ந்துதானே எடுத்திருக்கு? கிரீடத்து உச்சி தெரியறதே. இவளும் மாடிதான். ரெண்டையும் தள்ளுங்கோ."

வத்ஸலா பையிலிருந்து ஒரு அலுமினியக் கம்பை எடுத்தாள். இழுக்க இழுக்க ஒன்பதடி நீண்டு கூடத்து ஃபேனைத் தொட்டது. கேமராவை நுனியில் மாட்டி, சொடுக்குகிற ஒயரைக் கீழே தொங்கவிட்டாள். பின்பக்கத்துத் திரையைக் கதவு போல வெளியே திறந்து, கீழ்ப்பக்கம் திருப்பினாள். தரையில் கம்பை ஊன்றி, அண்ணாந்து பார்த்தாள். டிவிக்கு மேலே இருந்த தூசியும், ராஜகோபாலன் தலையின் நடுவகிடும் திரையில் தெரிந்தன.

"ஜமீல் பாய் பண்ணிக் குடுத்தார்," என்றாள். "நான் தெருவுலதான் நின்னேன் மாமா. செருப்புகூட இல்லாம."

"கேமரா பெருமாளுக்கு மேல போச்சோல்லியோ?" என்று அவர் குரல் கீச்சிட்டது.

ராஜகோபாலன் கண்ணை மூடி யோசித்தார். அன்று அவர் இன்னும் காபி குடிக்கவில்லை. "கேமராவுக்கு ஆத்மா கிடையாது. அது சேவிக்கலை. சேவிக்கறது நாமதான். அபசாரம் ஆளுக்கு," என்றவர், தீர்மானத்தை எடுத்து வாசித்தார். கடைசி வரியையும் விடவில்லை.

சபைக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, "மேல் ஓரத்தை மட்டும் வெட்டிட்டுப் போட்டுடலாமே," என்றார்.

"என் படத்துல நிக்கறவாளை நான் வெட்டறதில்லை," என்றாள் வத்ஸலா. "அப்படியே போட்டாப் போடுங்கோ. இல்லேன்னா குடுத்துடுங்கோ, எடுத்துண்டு போறேன்."

அன்று மதியமே குழுவில் அறிவிப்பு வந்தது. முப்பத்தேழு பேர் அல்ல. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

சாயங்காலம் வெங்கட்ராகவன் வத்ஸலா வீட்டுக்குப் போனார். அவள் உட்காரச் சொல்லி மோர் கொடுத்தாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, "நானூறு ஆத்துல தொங்கப்போறதும்மா," என்றார். அந்த 'ம்மா' அவர் வாயில் புதுசு.

"அம்மா நின்ன படம் இருந்தாக் கொண்டு வாங்கோ," என்றாள் அவள். "அன்னிக்கே உங்களை வெட்டிடறேன்."

மூன்று பகல் அவர் தேடினார். நாலு ஹார்ட் டிஸ்க், பழுதான இரண்டு மெமரி கார்டு, கோதாவின் கைபேசி. ஒன்பது படம் எடுத்திருந்தார், எட்டை அழித்திருந்தார். ஒன்பதாவது இருந்தது, வெட்டி, பழைய பெயரின் மேலேயே சேமித்து. மிச்சம் எங்கும் இல்லை. தன் வேலை இத்தனை சுத்தம் என்று அவருக்கே அதுவரை தெரியாது.

ஆனால் ஓரத்தில், வெட்டின கத்திக்குத் தப்பி, கூப்பிய கைகளின் நுனி நின்றது. அதைப் பெரிதாக்கி, ஜமீலிடம் கொடுத்துப் பெரிய தாளில் பிரிண்ட் போட்டார். பழைய டி.எஸ்.எல்.ஆர் பொய் சொல்லவில்லை. எண்பத்தாறு வயது விரல்களின் ரேகை, நகத்தின் மஞ்சள் கீற்று, நடுவிரலில் ஒட்டிய ஒரு துளசி இலை. இலையில் நரம்பு.

வத்ஸலா வாசல்படியிலேயே நின்று அதை வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்ல கேமரா மாமா உங்களது," என்றாள். "ஒரு நகம்கூட விடலை."

"அப்போ..."

"நான் படம் கேட்டேன். நீங்க வெட்டினதைக் கொண்டு வந்திருக்கேள்." தாளைச் சுருட்டாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தியது கோபமாகக்கூட இல்லை.

மார்கழியில் காலண்டர் வந்தது. கோதா வழக்கம்போல அதைப் பூஜை அறையில் மாட்டினாள். வேண்டாமென்று அவர் சொன்னார். "பெருமாள் இருக்கார், எப்படி மாட்டாம இருக்கறது?" என்றாள். தினம் காலையில் பெருமாள் திருவடிக்கு ஒரு சந்தனப்பொட்டு வைப்பாள். பிறகு முக்காலியில் ஏறி, திருமுடிக்கு மேலே குனிந்திருக்கும் வழுக்கைமேல் இன்னொன்று, கொஞ்சம் கெட்டியாக, அப்பி மறைப்பாள். பத்து மணிக்குள் ஃபேன் காற்றில் அது காய்ந்து, வெடித்து, உதிர்ந்துவிடும். வெங்கட்ராகவன் மறுபடி வெளியே வந்து, பெருமாளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.